படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு ‘வைட்டமின் கோர்ஸ்’: ரூ.14,850 போச்சு

டாக்டர்கிட்ட போயிட்டு வந்த கையோட எழுதறேன். கோபம் இன்னும் ஆறல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பையனுக்கு ஏழு வயசு முடிஞ்சிருச்சு. வாரத்துல நாலஞ்சு ராத்திரி மெத்தை நனைஞ்சிரும். ஒருநாள் விடிகாலைல பார்த்தா, ஈர டவுசரைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு இடுப்புல துண்டோட உக்காந்திருக்கான். முந்தின நாள் நான் அடிச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரிதான் போன்ல அந்த விளம்பரம் வந்துச்சு. குழந்தைகளுக்கு சத்து ஆலோசனைன்னு ஆன்லைன்ல நடத்துறாங்களே, அந்த மாதிரி ஒண்ணு.

நம்பர் குடுத்த பத்து நிமிஷத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. "அக்கா, உங்க பையன் வேணும்னே பண்ணலக்கா, திட்டாதீங்க"ன்னுச்சு. நான் அழுதே போயிட்டேன். அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். இத்தனைக்கும் அவங்க சொன்னதுல அது மட்டும்தான் நிஜம்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாங்க. வைட்டமின் டி 16, பி12ம் கம்மின்னு சிவப்பு எழுத்துல ரிப்போர்ட். அதனாலதான் நனைக்கிறான்னாங்க. டெஸ்ட், மூணு மாச பவுடர், ட்ராப்ஸ் எல்லாம் சேர்த்து ரூ.14,850. ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினாதான் அந்த விலையாம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

பவுடர் பால்ல கரையவே கரையாது, கட்டி கட்டியா மிதக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிச்சிட்டு, "இன்னைக்கு நனைக்க மாட்டேன்லம்மா?"ன்னு கேட்பான். ஆறு வாரம் ஆச்சு. தாகம்தான் கூடுச்சு, ராத்திரிக்கு ரெண்டு தடவை நனைய ஆரம்பிச்சுது.

போன் பண்ணா, "கழிவெல்லாம் வெளியேறுது, நல்ல அறிகுறி." அடுத்த வாரம், "ரெண்டு ஸ்பூனா குடுங்க." அப்புறம், "புகார் டிக்கெட் போட்டிருக்கோம் மேடம்." காசு கட்டுற வரைக்கும் அக்கா, கட்டினப்புறம் மேடம். பணத்தைத் திருப்பிக் கேட்டா டப்பா சீல் உடைச்சாச்சாம். சீலை உடைக்காம பிள்ளைக்கு எப்படிங்க குடுக்கறது?

இன்னைக்கு குழந்தை டாக்டர் அடிவயித்தை அமுக்கிப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளைக்கு ஒருக்கா வெளிக்குப் போறான்?" மூணு நாளைக்கு ஒருக்கா, சில நேரம் நாலு. மலம் தேங்கி மூத்திரப்பையை அழுத்துதாம். ரொம்ப சாதாரணமா பார்க்கிற காரணமாம் அது. ரூ.14,850 வாங்கினவங்க இதைக் கேட்கவே இல்ல. டி, பி12 குறைவா இருக்கிற பிள்ளைங்ககிட்ட படுக்கையை நனைக்கிறது கொஞ்சம் அதிகமா இருக்குன்னு சில ஆய்வு சொன்னாலும், அதனாலதான் வருதுன்னு நிரூபணமாகலயாம். குறை இருந்தா அளவாக் குடுக்கணும்னார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வைட்டமின் டி எத்தனை யூனிட்னு எங்கயும் இல்ல. டி அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறி தாகம், அதிக மூத்திரம், மலச்சிக்கல் எல்லாமே வருமாம்! கால்சியத்துக்கு ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கோம், ரிப்போர்ட் நாளைக்கு.

"அப்பாவுக்கு சின்ன வயசுல இருந்துச்சா?"ன்னும் கேட்டார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஒன்பது வயசு வரைக்குமாம். கல்யாணம் ஆகி பத்து வருஷம், இன்னைக்குத்தான் எனக்கே தெரியும். டாக்டர் ஃபீஸ் ரூ.300.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. அஞ்சு வயசுக்குள்ள இதுக்குப் பயப்படவே வேண்டாம். ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை திடீர்னு ஆரம்பிச்சு, தாகமும் மெலிவும் சேர்ந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க, சர்க்கரையா இருக்கலாம். டப்பாவுல இருக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரைப் பார்த்து மருந்துன்னு நம்பாதீங்க, அது உணவுப் பொருளுக்கான லைசென்ஸ். அடிக்காதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் புகார் குடுத்துட்டேன். காலி டப்பாவையும் பணம் கட்டின ஸ்க்ரீன்ஷாட்டையும் தூக்கிப் போட்றாதீங்க, அங்க கேட்பாங்க.