தலை சாய்ந்து விழுந்த முதிய நாய்: வீட்டில் வைத்துப் பார்ப்பதா, பேராதனைக்கு ஏற்றுவதா?

நேற்றிரவு சோறும் சூரை மீனும் தின்று படுத்த பத்து வயது நாய் விடிய எழும்பப் பார்க்கிறது, முடியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. தட்டுத்தடுமாறி எழுந்தாலும் சாய்ந்த பக்கமே போய் விழுகிறது. கண்மணிகள் இரண்டும் தறி நாடா மாதிரி இடமும் வலமும் ஓடுகின்றன. வாந்தியும் உண்டு. அக்கம்பக்கத்துத் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "பாரிசவாதம்", இல்லாவிட்டால் "ஆரோ நஞ்சு வச்சிட்டாங்கள்". நஞ்சென்று நம்பி வாயில் தேங்காய்ப்பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். வந்த நோயை விட அதுதான் நாயைக் கொல்லும்.

முதிய நாய்களில் இப்படித் திடீரென வருவது பெரும்பாலும் உட்காதிலுள்ள சமநிலை உறுப்போ அதன் நரம்போ ஒரு பக்கம் வேலை செய்யாமல் போவதால். பலவற்றில் காரணம் பிடிபடுவதே இல்லை. 72 மணித்தியாலத்துக்குள் தேறத் தொடங்கும், இரண்டு மூன்று கிழமையில் நடக்கும். ஆனால் இதே தோற்றத்தில் மூளைத்தண்டு நோயும் வரும். அதற்கு வீட்டில் காத்திருப்பது பிழை. வீடா, பேராதனைக் கால்நடை வைத்தியசாலையா என்பதைப் பயத்தை வைத்து முடிவெடுக்காமல் நாயின் கண்ணையும் பாதத்தையும் பார்த்து முடிவெடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. விசர்நாய்த் தடுப்பூசி போட்ட நாயா? போடாத நாய், அல்லது கடந்த சில மாதங்களில் தெருநாயோ கீரியோ கடித்த நாய், குரல் மாறி, தாடை தொங்கி, எச்சில் வடித்து, காரணமின்றிக் கடிக்க வந்தால் வாய்ப்பக்கம் கை கொண்டுபோகாமல் தனியே அடைத்து வைத்து, கால்நடை வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். எச்சில் காயத்தில் பட்டவர் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்த நாயை வானில் ஏற்றி எங்கும் கொண்டுபோகக் கூடாது.

கண், பாதம்: ஐந்து நிமிடச் சோதனை

தலையை அசைக்காமல் பிடித்து, கண் ஆடுவதைக் கைபேசியில் 20 விநாடி படம் பிடியுங்கள். பிறகு நாயை மல்லாத்திப் பிடித்து இன்னொரு முறை எடுங்கள். ஆட்டம் கிடையாகவோ சுழன்றோ இருந்து, இரண்டிலும் திசை மாறாமல் இருந்தால் காதுப்பக்கக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலும் கீழுமாக ஆடினாலோ, கிடத்தும் விதத்துக்கேற்பத் திசை மாறினாலோ மூளையைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது பாதம். ஒருவர் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து நாயை நிற்க வைத்துக்கொள்ள, மற்றவர் ஒரு பாதத்தை மடக்கி அதன் மேற்பக்கம் தரையில் படும்படி வைக்க வேண்டும். நல்ல நாய் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றும். மடங்கிய பாதத்தை அப்படியே விட்டுக்கொண்டு நின்றால், அந்தக் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளையில் சரியாகப் பதியவில்லை. நான்கு காலிலும் பாருங்கள். உடம்பைத் தாங்காமல் செய்தால் வெறும் தள்ளாட்டமே தவறான பதிலைத் தரும். பலர் பிழைவிடும் இடம் இது.

மூன்றாவது, நினைவு. தலை சுற்றினாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது அசைக்கும் நாய் வேறு, கூப்பிட்டும் வெறித்துப் பார்க்கும் நாய் வேறு.

பேராதனைப் பயணம்

திருகோணமலையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலைக்குக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறக்குறைய 190 கிலோமீற்றர். வானில் ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பல துறை வைத்தியர்களும் கற்பிப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அதன் பெரிய பலம். குறையும் உண்டு. தலைச்சுற்று உச்சத்தில் இருக்கும் முதல் நாளில் மாத்தளைக்கு அப்பால் வரும் வளைவுகள் நாயைத் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்க வைக்கும். படுத்தபடி எடுத்த வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. சாதாரண எக்ஸ்ரே மூளையைக் காட்டாது. சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்க வசதி இருக்கிறதா, எந்த நாளில் என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள்.

போவதென்றால் விடிந்த பிறகு போங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை வீதியில் நிற்கும். ஆறு மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம். புறப்படுமுன் வாந்தி நிறுத்தும் ஊசி (மரோபிட்டன்ட், கிலோவுக்கு 1 மி.கி.) போட்டுக்கொள்ளலாம். சாய்ந்த பக்கம் கீழே இருக்கப் படுக்க வைத்து, இருபுறமும் போர்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

வீட்டுப் பராமரிப்பு

கண் கிடையாக ஆடி, பாதம் சரியாக ஊன்றி, நினைவும் தெளிவாக இருந்தால் எங்கள் தெரிவு இதுதான். ஆனால் "வீடு" என்றால் நகரத்துக் கால்நடை வைத்தியரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வீடு. அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், இரத்தம் எடுக்க வேண்டும். உண்ணி நிறைந்த ஊர் இது. உண்ணிக் காய்ச்சலான ஏர்லிக்கியாவும் இப்படிக் காட்டும். அதற்கு டொக்சிசைக்கிளின் 28 நாள்.

அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, காதில் என்ன சொட்டு விட்டீர்கள் என்பது. செவிப்பறை கிழிந்த காதில் ஜென்டமைசின் சொட்டு விட்டால் அதுவே உட்காதைக் கெடுக்கும். இரண்டாவது, வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தீர்களா என்பது. பாமசியில் மனிதருக்குச் சொல்வதுபோல் 400 மி.கி. குளிசை மூன்று வேளை கொடுத்தால், 12 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மி.கி. ஆகிறது. 60-ஐத் தாண்டினாலே நரம்பு நஞ்சு வரலாம், சில நாய்களுக்கு அதற்குக் கீழேயும். அந்த நாயின் கண்தான் பெரும்பாலும் மேலும் கீழும் ஆடும். மருந்தை நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமையில் தேறும். பேராதனை தேவைப்படாமலும் போகலாம்.

படுக்கையைச் சாய்ந்த பக்கம் சுவர் வரும்படி போடுங்கள். ரைல்ஸ் தரையும் மினுக்கிய சிவப்புச் சீமெந்தும் இந்த நோய்க்கு எதிரி. கயிற்றுப் பாய் அல்லது சாக்கை விரித்து விளிம்பை ஒட்டிவிடுங்கள். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பும்போது நாய் பயந்து உருளும், அதனால் தலையைக் கையில் தாங்கியபடி மெல்லத் திருப்புங்கள். தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். நிலத்தில் கால் பட்டால்தான் மூளை புதுக்கணக்குப் பழகும். இரவில் சின்ன விளக்கு எரியட்டும். காது கைவிட்ட சமநிலையைக் கண்தான் ஈடுகட்டுகிறது.

தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுவது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர், அதாவது 12 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 600 முதல் 720. ஐந்து மில்லி சிறிஞ்சியால் என்றால் 120 தடவைக்கு மேல். யாருக்கும் பொறுமை இராது. தண்ணியான கஞ்சியில் முள்ளெடுத்த மீனைப் பிசைந்து, நாயை நெஞ்சில் படுக்க வைத்து, கிண்ணத்தை வாய் மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் கிடக்கும் நாய்க்கு ஒரு சொட்டும் வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இளைப்பிலேயே இன்னும் தண்ணீர் போகும், ஈயும் மொய்க்கும். நனைந்த மயிரைத் துடைத்து, மின்விசிறி போட்டு வையுங்கள். 12 மணித்தியாலம் எதுவும் வயிற்றில் தங்கவில்லை, அல்லது சிறுநீர் போகவில்லை என்றால் நகரத்து வைத்தியரிடம் சேலைன் ஏற்ற வேண்டும்.

இரண்டாம் நாளிலிருந்து துவாயை வயிற்றுக்குக் கீழே தூக்குப்போல் பிடித்து, ஐந்தைந்து நிமிடமாக நாளில் நாலைந்து தடவை நடத்துங்கள். கடற்கரை மணல் இப்போது வேண்டாம், கால் புதையும்.

மருந்து பற்றி நீட்டத் தேவையில்லை. காரணம் பிடிபடாத வகைக்கு ஸ்டீரொய்ட் பயன் தருவதாக நிறுவப்படவில்லை; காதில் சீழ் இருந்தால் கெடுதலும் செய்யும். பனடோல், டைக்குளோபினாக் கொடுக்காதீர்கள். சீழ் உறுதியானால் வாய்வழி நுண்ணுயிர்க்கொல்லி ஆறு கிழமை வரை, சிலவேளை அதற்கு மேலும் போகும். மூன்றாம் நாள் நாய் எழும்பி நின்றதும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது திரும்ப வருகிறது.

எப்போது மனம் மாற வேண்டும்

மேலும் கீழும் ஆடும் கண் (மெட்ரோனிடசோல் கொடுத்த நாயென்றால் முதலில் நகரத்து வைத்தியரிடம் கேளுங்கள்), மடங்கியபடி நிற்கும் பாதம், மங்கும் நினைவு, வலிப்பு, 72 மணித்தியாலம் கடந்தும் துளியும் தேறாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பேராதனைக்கு வான் பேசுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் முதலில் அருகிலுள்ள வைத்தியர், பிறகுதான் பயணம். இரவில் நிலத்தில் படுத்த நாய் காலையில் முழு உடம்பும் துவண்டு மூச்சு இளைத்துக் கிடந்தால் அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம்; கடித்த இடம் தெரியாது, வீக்கமும் இராது. அந்த நாய்க்கு இந்த அலசலில் இடமில்லை, உடனே வைத்தியர்.

மூன்றாவது வழியாகச் சிலர் ஊசி போட்டு முடித்துவிடக் கேட்கிறார்கள், அதுவும் முதல் நாளே. முதல் நாள்தான் தோற்றம் மிக மோசமாக இருக்கும். கண் கிடையாக ஆடி, பாதம் திரும்பும் நாய்க்கு மூன்று நாளுக்குள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

தேறிய பின்னும் தலை சற்றுச் சாய்ந்தபடியே நின்றுவிடலாம். அதனால் நாய்க்குத் துன்பமில்லை, ஆனால் கட்டுக் குறைந்த கிணறு முற்றத்தில் இருந்தால் வலையோ பலகையோ போட்டு மூடுங்கள். நோய் மறுபடியும் வரலாம். முதல் நாள் எடுத்த வீடியோவை அழிக்காமல் வைத்திருந்தால், அடுத்த தடவை எந்தப் பக்கம், எந்தத் திசை என்று வைத்தியர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.