நாலு கம்பியா, ஐந்து கம்பியா? மேடைக்குப் போகும் பேஸ் வாசிப்பாளருக்கு எது தோது

எங்கள் பேண்டில் பாடகர்கள் இரண்டு பேர். ஒருவருக்குக் கனத்த குரல், இன்னொருவர் உச்சத்தில் பாடுகிறவர். அதே பாட்டுதான், ஆனால் யார் பாடுகிறார் என்பதைப் பொறுத்துச் சுருதி மாறும். பல வருடம் நாலு கம்பி பேஸ் கிட்டாரிலேயே ஓட்டிவிட்டு, அப்புறம் ஐந்து கம்பிக்கு மாறினேன். இப்போது மேடைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். அதனால் என்னிடம் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விலை, எடை, தோற்றம் இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரே தரத்தில் எடுத்தால் ஐந்து கம்பிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. கம்பி செட்டும் அப்படியே. கழுத்து அகலம். ட்யூனர், அதாவது கம்பியை முறுக்கும் திருகு, ஒன்று கூடுவதால் சில பேஸ்களில் தலைப்பக்கம் சாயும், அகலமான ஸ்ட்ராப் போட்டால் ஓரளவு அடங்கும். ஃபெண்டர் 1951-இல் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்து நாம் கேட்டுப் பழகிய பேஸ் வரிகளில் பெரும்பகுதி நாலு கம்பியில் வாசித்தவைதான். அதே ஃபெண்டர் 1965-இல் ஐந்து கம்பி ஒன்றையும் விட்டது. ஆனால் அதில் கூடுதலாக இருந்தது உயர்ந்த சுரம் தரும் சி கம்பி. இன்று கடையில் ஐந்து கம்பி என்று கேட்டால் பெரும்பாலும் ஈ-க்கும் கீழான சுரம் தரும் பி கம்பி உள்ளதைத்தான் கொடுப்பார்கள். நான் சொல்வதும் அதைத்தான்.

இனி சுருதி விஷயம். என் முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

நாலு கம்பியில் ஆகக் கீழே இருக்கும் சுரம் ஈ, 41 ஹெர்ட்ஸ். பாட்டு ஈ சுருதியில் இருக்கிறது, பேஸ் அந்தக் கீழ் ஈ-யை ஒட்டியே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு வந்த இடத்தில் பாடகர், "தொண்டை கட்டியிருக்கு, ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்கிறார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். கிட்டார்காரர், ஏற்றச் சொன்னால் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டுவார், இறக்கச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டே வேறு கார்டு பிடிப்பார். நம் நிலைமைதான் மோசம். ஈ இருந்த இடத்தில் டி வர வேண்டும், நம் கையில் அந்தக் கீழ் டி கிடையாது.

மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சில பாட்டில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் ஜி, எஃப் ஷார்ப், ஈ என்று இறங்கி உட்காரும் வரி ஒன்றை எடுங்கள். ஒரு கட்டை குறைந்தால் அது எஃப், ஈ, டி. முதல் இரண்டும் கீழே இருக்க, கடைசி டி மட்டும் துள்ளி மேலே போகும். கிக் டிரம்மோடு சேர்ந்து தரையில் இறங்க வேண்டிய இடத்தில் பேஸ் மாடி ஏறிவிட்டால் டிரம்மர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார். வரி முழுவதையும் மேலே தூக்கினால் சீராக இருக்கும், ஆனால் அடியில் இருந்த கனம் போய்விடும்.

அல்லது ஈ கம்பியைத் தளர்த்தி டி-க்குக் கொண்டுவரலாம். ஒரு பாட்டுக்கு என்றால் சரி. பாட்டுக்குப் பாட்டு மாறி மாறிச் செய்தால், இடைவெளியில் ட்யூனர் பெடலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தளர்த்திய கம்பியில் மட்டும் எல்லாச் சுரமும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம், ஒன்றுக்கு அரைக் கட்டை) தள்ளிப் போகும். வேகமான பாட்டின் நடுவே அது நினைவில் நிற்பது நிச்சயமில்லை. இதற்கென்றே ஹிப்ஷாட் என்ற நிறுவனம் ஒரு நெம்புகோல் ட்யூனர் செய்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் ஈ, டி ஆகிவிடும். நல்ல சாமான்தான், ஆனால் இறங்குவது கம்பி மட்டும், விரல் கணக்கு மாறுவது மாறியதுதான். பாடகர் இரண்டு கட்டை கேட்டால் அதுவும் உதவாது.

ஐந்து கம்பியில் இந்தத் தலைவலியே இல்லை. பி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் ஈ, நாலாவது ஈ ஃப்ளாட், மூன்றாவது டி, முதலாவது சி. பாட்டை முதலிலேயே ஐந்தாவது ஃப்ரெட்டை மையமாக வைத்துப் பழகிவிட்டால், ஒரு கட்டை இறக்கு என்றதும் கையை அப்படியே இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் போதும். விரல் வடிவம் மாறாது. திறந்த ஈ கம்பியை அதிரவிட்டு அதன் மேல் வாசிக்கும் வரிகளை மட்டும் இப்படி நகர்த்த முடியாது. அவற்றை உட்கார்ந்து வேறு மாதிரி யோசிக்க வேண்டும், அப்போதும் அந்தத் திறந்த கம்பியின் ஒலி முழுதாகக் கிடைக்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு லாபம் மணிக்கட்டுக்கு. 34 அங்குல ஸ்கேலில் (அதிரும் கம்பியின் நீளம்) முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 48 மில்லிமீட்டர். ஆறாவது ஃப்ரெட் வரும்போது அது சுமார் 36 ஆகிவிடும். கீழ் எஃப் சுரத்தை ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டிலும் பிடிக்கலாம், பி கம்பியின் ஆறாவதிலும் பிடிக்கலாம். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டுகளில் எது சுகம் என்று கையே சொல்லிவிடும். மேடை வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கை ஒரே இடத்தில் நிற்பதும் பெரிய நிம்மதி. ஒலி ஒன்றுபோல் இருக்குமா என்றால், இருக்காது. தடித்த கம்பியில் அதே சுரம் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும்.

அதற்காகக் கீழே கிடைக்கிறதே என்று எல்லா வரியையும் அங்கே இறக்க வேண்டாம். திறந்த பி சுமார் 31 ஹெர்ட்ஸ். சின்ன மேடைகளில் வைக்கும் ஸ்பீக்கர்களில் பலவற்றால் அந்த அடிச்சுரத்தைப் பலமாகத் தர முடியாது. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் ஒத்திசைகளை, அதாவது அதே கம்பியில் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூடவே எழும் ஒலிகளைத்தான், மிச்சத்தைக் காது இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஈ ஃப்ளாட், டி இரண்டும் எங்கும் தைரியமாக வாசிக்கலாம். சி அறையைப் பொறுத்தது. திறந்த பி பல அறைகளில் வெறும் உறுமல். சுமார் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று இருந்தால் ஆம்புக்கும் நல்லது, ஒலிப்பதிவாளருக்கும் நல்லது.

சரி, இதற்குக் கொடுக்கும் விலை என்ன? கம்பியை அடக்குவது. பி கம்பி சும்மா இருக்காது. ஈ கம்பியை மீட்டினால் இதுவும் சேர்ந்து அதிரும், ஏனென்றால் ஈ-யின் மூன்றாவது ஒத்திசையும் பி-யின் நாலாவது ஒத்திசையும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது இது தெரியாது. பெரிய சப்வூஃபர் உள்ள மேடையில் அடிவயிற்றில் தெரியும். கட்டைவிரலைப் பிக்கப்பின் (கம்பிக்கு அடியில் ஒலியை வாங்கும் பகுதி) மேல் நிரந்தரமாக ஊன்றி வாசிக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டிவரும். மேல் கம்பிகளுக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து பி மேல் சாய்ந்திருக்க வேண்டும். இது கைக்கு வரும்வரை மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வாங்கும்போது பி கம்பியை முதல் ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள். சுரம் தெளிவாக வருகிறதா, அல்லது தொளதொளவென்று இருக்கிறதா என்பதுதான் நல்லதையும் மட்டமானதையும் பிரித்துக் காட்டும். 35 அங்குல ஸ்கேலில் அதே கம்பிக்கு இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும், அதனால் பி இறுக்கமாக இருக்கும் என்பது கணக்கு. நான் இரவல் வாங்கிக் கொஞ்ச நேரம் வாசித்ததோடு சரி. வித்தியாசம் இருந்தது போலத்தான் பட்டது. புதுக் கம்பியாலா, ஸ்கேலாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஃப்ரெட்டே இல்லாத (ஃப்ரெட்லெஸ்) ஐந்து கம்பியை நான் மேடையில் வாசித்ததே இல்லை.

நாலு கம்பியே போதும் என்று நான் சொல்லக்கூடிய ஆட்களும் உண்டு. ஒரே பாடகர், சொந்தப் பாட்டுகள், சுருதி மாறாது என்றால் ஐந்தாவது கம்பி வெறும் சுமை. பேண்டே மொத்தமாக அரைக் கட்டை இறக்கி வாசித்தாலும் அப்படித்தான். கொஞ்சம் தடித்த கம்பி போட்டு மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் கம்பியை அடித்து, அதிகம் வாசிக்கிறவர்கள் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் தாராள இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. விற்கும்போதும் நாலு கம்பிதான் சுலபமாகப் போகும் என்று நினைக்கிறேன், விற்றுப் பார்த்ததில்லை.

பழைய நாலு கம்பி இப்போது என் மாற்று பேஸ். நிகழ்ச்சி நடுவே கம்பி அறுந்தாலோ ஜாக் தகராறு செய்தாலோ அதை மாட்டிக்கொள்வேன். ஆனால் கீழ் டி-யும் சி-யும் அப்போது இருக்காது. ஆகவே பாட்டுப் பட்டியலில் ஈ-க்குக் கீழே போகும் பாட்டுகளுக்கு வட்டம் போட்டு, எந்த இடத்தில் மேலே ஏற வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன். மாற்று பேஸோடு ஒத்திகையில் ஒருமுறையாவது அந்தப் பாட்டுகளை ஓட்டிப் பாருங்கள்.