மின்சாரமா, காரமா? டைட்டானியா நானோகுழாய்க்கு இரண்டு வழி

பினாங்கில் பேட்டரி ஆய்வுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஆனோடைசிங்கா, ஹைட்ரோதெர்மலா?"

லித்தியம் பேட்டரியின் எதிர்முனைக்கு டைட்டானியாவில், அதாவது டைட்டானியம் டைஆக்சைடில், நானோமீட்டர் அளவுக் குழாய் செய்யும் இரண்டு வழிகள் இவை. முதலாவதில் மின்சாரம் வேலை செய்யும், இரண்டாவதில் சூடான காரம். ஆனோடைசிங்கில் டைட்டானியத் தகட்டை எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் நிறுத்துவோம். அதில் கொஞ்சம் அம்மோனியம் ஃப்ளோரைடும் துளித் தண்ணீரும் இருக்கும். 60 வோல்ட் கொடுத்தால் மின்சாரம் ஆக்சைடை வளர்க்கும், ஃப்ளோரைடு அதையே அரிக்கும். இந்த இழுபறியில் குழாய்கள் மூங்கில் தோப்புப் போல நிமிர்ந்து எழும். 450 டிகிரியில் சுட்டால் அனட்டேஸ் என்ற படிக வடிவத்துக்கு மாறும். கண்ணாடி பீக்கர் வேண்டாம், ஃப்ளோரைடு அதையும் தின்னும்.

நம் ஊர்க் காற்றுதான் இதற்கு எதிரி. கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் கூடினால் குழாயின் நீளமும் சுவரும் மாறிவிடும். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு தே தாரேக் குடிக்கப் போனவன் நான். அந்த மாதம் எடுத்த இரண்டு தகடுகள்கூட ஒன்றுபோல வரவில்லை.

ஹைட்ரோதெர்மல் சமையல் மாதிரி. 1998-இல் ஜப்பானில் கசுகா குழுவினர் காட்டிய வழி: டைட்டானியாத் தூளை 10 மோலார் செறிவுள்ள காஸ்டிக் சோடா என்ற காரக் கரைசலில் போட்டு 110 டிகிரியில் 20 மணி நேரம் வேகவிடுவது, பிறகு அமிலத்தாலும் தண்ணீராலும் கழுவுவது. மெல்லிய ஏடுகள் தோசைபோலச் சுருண்டு, சுமார் 8 நானோமீட்டர் விட்டத்தில் குழாயாகும். கிராம் கணக்கில் கிடைக்கும். ஆனால் கழுவியது போதாவிட்டால் சோடியம் உள்ளேயே தங்கும். சூடு மீறினால் குழாய் சரிந்துவிடும்.

கொள்ளளவில் இரண்டுக்கும் உச்சவரம்பு ஒன்றே: ஏட்டளவில் கிராமுக்கு 335 மில்லிஆம்பியர் மணி. வழக்கமான கிராஃபைட் எதிர்முனைக்கு 372. லித்தியம் சுமார் 1.7 வோல்ட்டில் நுழைவதால், வேகமாக சார்ஜ் ஏற்றினாலும் மேலே உலோகமாகப் படியும் பயம் குறைவு. அதற்கு விலையாக செல்லின் வோல்டேஜ் இறங்கும்.

தகட்டுக் குழாயைப் பசையோ கரித்தூளோ இல்லாமல் நேரே காயின் செல்லில், அதாவது நாணய வடிவச் சோதனை பேட்டரியில், வைக்கலாம், பழுதை ஆராய அதுவே வசதி. சிக்கல் தராசில்தான். சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லிகிராம்கூடத் தேறாது. எடையைக் கொஞ்சம் குறைத்து அளந்தாலும் கொள்ளளவு கண்டபடி உயரும். அபாரமான எண் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது எடையைத்தான்.

லித்தியம் எப்படி நுழைகிறது என்று பார்க்க வந்தவருக்குத் தகடு. பத்து செல்லாவது கட்ட வேண்டியவருக்குத் தூள்.