"ரேகை பதியலைம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

18,500 ரூபாய் போய்விட்டது. என் பணம்கூட இல்லை, அம்மாவின் கொலுசுக் கூலி. போன இடம் சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பட்டா சிட்டாவிலிருந்து பஸ் டிக்கெட் வரை எல்லாம் எடுத்துத் தருவார்களே, அந்த மாதிரிக் கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று இருக்கும், அதனால் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது. அம்மாவுக்கு இரண்டு பேங்கில் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எதில் ஏறுகிறது என்று குழப்பம். பேங்கில் கூட்டமாக இருக்குமே என்று இந்தக் கடைக்குப் போயிருக்கிறார். "ஆதார்ல எந்த பேங்க் லிங்க் ஆகியிருக்குன்னு பார்த்துடலாம்மா, ரேகை மட்டும் வைங்க" என்றானாம் பையன். தெரிந்த பையன்தான். என் தங்கைக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொடுத்து, ஃபேனை அம்மா பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். அம்மா இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஃபேனைத் திருப்பி வெச்சான், நல்ல பையன்னு நெனச்சேன்."

முதல் தடவை பதியவில்லை என்றானாம். அம்மாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. முப்பது வருஷமாகக் கொலுசு வேலை. நெருப்பும் திராவகமும் பட்டு விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையிலேயே நாலு தடவை வைத்தால்தான் மெஷின் எடுக்கும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால் இவன் "இன்னொரு தடவைம்மா" என்றதும், "என் கை அப்படித்தான் கண்ணு" என்று சொல்லி, விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறார். மூன்று தடவை. திரை அவன் பக்கம் திரும்பியிருந்தது. கடைசியில் "சர்வர் ஸ்லோம்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லி, ஜெராக்ஸுக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டான். அந்த 30ஐ எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அது யாரோ ஒருவரின் ஆதார் ஜெராக்ஸில் பாதி. முகம், பிறந்த தேதி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை பாஸ்புக் போட்டபோதுதான் தெரிந்தது. அதே செவ்வாய்க்கிழமை 10,000 ஒரு வரி, 8,500 ஒரு வரி. மீதி 412. மெசேஜ் வந்திருக்குமே என்பீர்கள். கணக்கில் இருந்தது அப்பாவின் நம்பர். அவர் போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் அது செத்துவிட்டது.

இது எப்படி நடக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. இந்த மாதிரிக் கடையிலேயே நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஆதார் நம்பர், பேங்க் பெயர், விரல் ரேகை, இந்த மூன்றும் இருந்தால் போதும். கார்டு, பின், ஓடிபி எதுவும் கேட்காது. ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம். நம் கணக்கிலிருந்து கழியும் பணம் கடைக்காரர் பக்கம் ஏறும், அவர் தன் கல்லாவிலிருந்து நமக்கு ரொக்கம் தர வேண்டும். தராமல் "பதியலை" என்றால் முடிந்தது கதை. ரேஷன் அரிசிக்கு நாலு தடவை மறுக்கும் விரலை, 18,500 ரூபாய்க்கு மட்டும் மெஷின் எப்படி எடுத்தது பாருங்கள்.

கடைக்குப் போனேன். "ஃபெயில் ஆன டிரான்சாக்ஷன் அக்கா, அஞ்சு நாள்ல தானா ஏறிடும்" என்றான். மறுநாள் "ஓனர் ஏற்காடு போயிருக்கார், டவர் இல்ல". ஏற்காட்டில் ஏரிக்கரையில் நின்று பாதிப் பேர் வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவருக்கு மட்டும் டவர் இல்லையாம்! அதற்கும் மறுநாள் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.

பேங்கில் இன்னும் மோசம். "ரேகை மேட்ச் ஆகியிருக்கு மேடம். அப்போ உங்க அம்மாதானே எடுத்திருக்காங்க?" என்று அங்கிருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றார், விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் மேல் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நாங்கள் அந்த வெள்ளிக்கிழமையே, மூன்றாம் நாளே போய் நின்றோம். சொன்னேன். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் மரியாதை. அதே 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், 2023இல் தனிநபர் தரவைப் பாதுகாக்கச் சட்டமும் வந்தது. இங்கே அடுத்தவர் ஆதாரில் பில் எழுதித் தருகிறார்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடித்துப் புகார் கொடுத்தாகிவிட்டது, புகார் நம்பர் வந்திருக்கிறது. 18,500 வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. உடனே செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பில் ரேகையை லாக் செய்யுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அதற்கு ஆதாரில் உயிரோடு இருக்கும் நம்பர் வேண்டும், அம்மா அப்பாவுக்கு இன்றே பாருங்கள். பேங்கிலும் நம்பரை மாற்றுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். கடைக்கார வாட்ஸ்அப்புக்கு அனுப்பாதீர்கள். திரையைக் காட்டாத இடத்தில் விரல் வைக்காதீர்கள்.

அம்மாவின் ஆதாரிலும் இருக்கும் அப்பா நம்பரை மாற்ற அவரை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கேயும் ரேகை கேட்பார்கள். வர மாட்டேன் என்கிறார்.