கோத்தகிரிப் பக்கம் 850 ரூபாய் கொடுத்து இந்த ஆப்பைப் போட்டுவிடாதீர்கள்

நான் கோத்தகிரியில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு இருபது கால் வந்தால் அதில் ஏழெட்டு லோன் வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமா, மனை வேணுமா என்றுதான் வரும், அதுவும் சரியாகக் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் ஏறி வரும்போதுதான் அடிக்கும். பொறுக்க முடியாமல் பஜாரில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். வாசலிலேயே அட்டை தொங்கியது, தொல்லை அழைப்பு நிறுத்தப்படும் என்று.

கடைப் பையன் என் போனை வாங்கினான். "அண்ணா, ஒரே ஆப், வேண்டாத கால் எல்லாம் கட் ஆகிடும், வழியும் காட்டும், டவரே வேண்டாம், சேட்டிலைட்ல ஓடும்" என்றான். 850 ரூபாய். அதோடு, சரிபார்ப்புக்கு என்று ஒரு ரூபாய் மட்டும் யூபிஐயில் போடச் சொன்னான், நானும் பின் நம்பரைத் தட்டினேன். திரையில் பொடி எழுத்தில் என்னமோ இருந்தது, கண்ணாடி வண்டியில் இருந்ததால் படிக்கவில்லை. என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் சோலூர்மட்டம் தாண்டி ஓர் எஸ்டேட் பங்களாவில் சென்னைக் குடும்பம் ஒன்றை ஏற்றி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வைக்க வேண்டும். மெயின் ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், தேயிலைத் தோட்டத்து உள்பாதைதான் தெரியாது. நல்ல மூடுபனி, டவர் சுத்தமாக இல்லை. சரி, சேட்டிலைட்தான் இருக்கிறதே என்று ஆப்பைத் திறந்தால் வெள்ளைக் கட்டம் போட்ட வெறும் திரை, அதன் நடுவே ஒரு நீலப் புள்ளி. நான் வண்டியை நகர்த்தினால் புள்ளியும் நகர்கிறது, ஆனால் ரோடு இல்லை, ஊர் இல்லை, ஒன்றுமே இல்லை. கடைசியில் இலை எடை போடும் கொட்டகை முன்னால் போய் நின்றேன், அதற்கு மேல் பாதை கிடையாது.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. நாலு செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்தால் போன் தான் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும், அதற்கு டவரும் நெட்டும் வேண்டாம், அந்த மட்டுக்கும் பையன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ரோடு போட்ட படம் செயற்கைக்கோளிலிருந்து வராது, நெட்டில்தான் வரும், இல்லையென்றால் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். அவன் ஒரு கிலோமீட்டர் படம்கூட இறக்கி வைக்கவில்லை. இத்தனைக்கும் எல்லோர் போனிலும் இருக்கிற கூகுள் மேப்ஸிலேயே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளலாம், காலணா செலவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து, டவர் கிடைக்கிற மேட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சென்னைக்காரர் பங்களா வாட்ச்மேன் போனிலிருந்து, வழி சொல்வதற்காக ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார், ஆறும் டவர் இருந்த நேரத்தில் வந்தவைதான். புது நம்பர் என்று ஆப் ஆறையும் வெட்டிவிட்டது. புது நம்பரிலிருந்து வருகிற காலை நம்பித்தானே நாங்கள் சாப்பிடுகிறோம்! ரயில் போய்விட்டது. கோவை ஜங்ஷன் வரை விரட்டிக்கொண்டு போய் அதே ரயிலில் ஏற்றிவிட்டேன், அந்தக் கூடுதல் ஓட்டத்துக்கு டீசல் என் கைக்காசு, கேட்க வாய் வரவில்லை. லோன்காரர்கள்? அவர்கள் சாதாரணப் பத்து இலக்க நம்பர்களில் மாற்றி மாற்றி வந்துகொண்டேதான் இருந்தார்கள், எப்படித்தான் ஆப்புக்குத் தப்பினார்களோ. முன்பெல்லாம் சார் என்றவர்கள் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆப்புக்கு என் தொடர்புப் பட்டியல் முழுவதையும் திறந்துவிட்டிருந்தான் பையன், அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

மாதம் முடிந்ததும் கணக்கிலிருந்து 499 ரூபாய் போயிருந்தது. அந்த ஒரு ரூபாய், மாதாமாதம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபேக்குக் கொடுத்த சம்மதமாம். கடையில் கேட்டால், "அது கம்பெனி பிடிக்கிறதுண்ணா, எங்களுக்குத் தெரியாது." ஆப்பை அழித்தால் மட்டும் இது நிற்காது, யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

தொல்லைக் காலுக்கு 1909 இருக்கிறது. ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டு அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினால் விளம்பர அழைப்புக்குத் தடை, அமலுக்கு வர ஏழு நாள் வரை ஆகும். அதற்கு மேலும் வந்தால் அதே 1909க்குப் புகார் சொல்லலாம். எனக்கு அடியோடு நிற்கவில்லை, இரண்டு மூன்றாகக் குறைந்தது. போனை யார் கையிலாவது கொடுத்து வாங்கினால் ஸ்டார் ஹேஷ் 21 ஹேஷ் அடித்து, உங்கள் கால் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று அந்தக் கடை வழியாக வந்தேன். அட்டை அப்படியேதான் தொங்குகிறது, விலையை மட்டும் 950 என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள்.