"வேன் பின்னாடியே வரும் சார்" என்றார்கள்: ஈசிஆர் சைக்கிள் டூரில் நாங்கள் ஏமாந்தது

கடலோர சைக்கிள் டூருக்கு அட்வான்ஸ் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள், குறிப்பாக எங்களைப் போல மலையும் மேடும் பார்த்து வளர்ந்தவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து நாலு பேர் போனோம். நான், என் மச்சான், ஆபீஸ் நண்பர் ஒருத்தர், காலேஜ் படிக்கும் அவர் பையன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கேஆர்பி டேம் வரை மிதிப்போம், தெம்பிருந்தால் காவேரிப்பட்டணம் போய் ஒரு டீ. அவ்வளவுதான் எங்கள் அனுபவம். கடலை ஒட்டி ஒருமுறையாவது ஓட்ட வேண்டும் என்று ஆரம்பித்தது பையன்தான்.

டூர்க்காரர்கள் சொன்னது இது. மாமல்லபுரத்தில் கிளம்பி புதுச்சேரி வரை, இரண்டு நாள், சுமார் 95 கிலோமீட்டர், கியர் சைக்கிளும் ஹெல்மெட்டும் அவர்களே தருவார்கள், நடுவில் ஒரு ராத்திரி அறை. வேன் இல்லாமல் தலைக்கு 4,200 ரூபாய். மெக்கானிக்கோடு ஒரு வேன் கூடவே வர வேண்டுமென்றால் 6,500. தெரியாத ஊர், பையன் வேறு கூட வருகிறான், வேனோடு போகலாம் என்று 26,000 ரூபாய் கட்டினோம். அது போக சைக்கிளுக்கு 3,000 வீதம் 12,000 டெபாசிட்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில், "பாண்டியிலருந்து ஆரம்பிச்சுக்கலாம் சார், உங்களுக்கும் பக்கம்தானே" என்று ஒரு மெசேஜ். உண்மைதான், ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம். நம் மேல் எவ்வளவு அக்கறை என்று நான் நன்றி வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

ஏனென்றால் தை மாதம் அந்தக் கரையில் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால் முதுகைத் தள்ளிவிடும், பாண்டியிலிருந்து வடக்கே ஏறினால் முகத்தில் அடிக்கும். நம்ம ஊரில் மேடு ஏறினால் அடுத்து ஒரு இறக்கம் உண்டு, காலுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே ரோடு பலகை மாதிரி சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் காற்றுக்கு இறக்கமே கிடையாது, மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது. காலாப்பட்டு தாண்டுவதற்குள் நண்பருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. திசையை ஏன் மாற்றினார்கள் என்பது கடைசியில்தான் புரிந்தது. சைக்கிள் எல்லாம் முந்தின குரூப்போடு பாண்டியில் கிடந்திருக்கிறது, அடுத்த குரூப் மாமல்லபுரத்தில் காத்திருந்தது. அதாவது லாரி வாடகை மிச்சம் பிடிக்க நாங்கள் காசு கொடுத்து அவர்கள் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம்.

விளம்பரப் படத்தில் ரோட்டை ஒட்டியே கடல். நேரில் பெரும்பாலும் சவுக்குத் தோப்பு, காம்பவுண்ட் சுவர், சாலை அகலப்படுத்தும் வேலை, காதோரம் உரசிப் போகும் பஸ். கடல் வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குள் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். மரக்காணம் உப்பளமும் அப்படித்தான். படத்தில் வெள்ளை வெளேரென்று குவியல், நாங்கள் போனபோது பாத்தி முழுக்க மழைத்தண்ணீர். உப்பு வாருவது வெயில் காலத்தில் என்று டீக்கடையில் சொன்னார்கள். இதற்கு டூர்க்காரனைத் திட்ட முடியாது, விடுங்கள். அந்தத் தண்ணீரும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மரக்காணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மச்சான் சைக்கிள் பஞ்சர். டியூப், பம்ப், ஸ்பேனர் எல்லாம் வேனில். வேன் எங்கே? காலையில் பாண்டியில் பார்த்ததுதான். போன் போட்டால் "பத்து நிமிஷம் சார்". அரை மணி கழித்தும் அதே பத்து நிமிஷம். அப்புறம் சுவிட்ச் ஆஃப். தள்ளிக்கொண்டே ஒரு பஞ்சர் கடைக்குப் போனோம். அவர் பாவம், டியூபைக் கழற்றி ஒட்டியே கொடுத்துவிட்டார், காற்றுதான் அடிக்க முடியவில்லை. "இது மெல்லிசு வால்வு தம்பி, நம்ம நாசில் நிக்காது" என்றார். லாரிக்கும் பைக்குக்கும் காற்று அடிக்கும் கம்ப்ரசர், இந்த ரேஸ் சைக்கிள் வால்வில் பிடிக்கவே இல்லை. நடுவில் மாட்ட ஒரு சின்ன பித்தளை அடாப்டர் இருந்தால் போதுமாம், சில்லறைக் காசுதான். அந்தச் சில்லறை இல்லாமல் ஒன்றே முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் சென்னைப் பக்கமிருந்து காற்றோடு பறந்து வந்த இரண்டு சைக்கிள்காரர்கள் நிறுத்தி, அடாப்டரும் பம்பும் கொடுத்து உதவினார்கள். எங்களைப் பார்த்து அவர்கள் கேட்ட முதல் கேள்வியே "ஏன் சார் இந்த மாசத்துல வடக்க போறீங்க?"

சாயங்காலம் கடப்பாக்கத்தில் அறைக்குப் போன பிறகு வேன் வந்தது, உள்ளே வேறு யாருடையதோ நாலு சைக்கிள். மெக்கானிக் என்று யாரும் இல்லை, டிரைவர் மட்டும்தான். மத்தியானச் சாப்பாட்டை அப்போதுதான் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு மூணு குரூப்புண்ணா, ஒண்ணு பிச்சாவரத்துல நிக்குது, நான் எங்கன்னு ஓடுறது" என்றார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரே வேனை மூன்று பேருக்கு விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் காலை ஆலம்பரைக் கோட்டை. இடிந்த சுவர், கீழே கழிமுகம், படகுகள், மனுஷ நடமாட்டமே இல்லை. மொத்த டூரில் காசுக்குத் தகுந்த ஒரு மணி நேரம் அதுதான், அதற்கும் டிக்கெட் கிடையாது. அதற்கப்புறம் கல்பாக்கத்துக்கு முன்னால் பாலாற்றுப் பாலத்தில் காற்று அடித்த அடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். என் சைக்கிளில் கியர் கேபிள் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு, கடைசி வரை ஒரே கியர்.

மாமல்லபுரத்தில் க்ளைமாக்ஸ். இங்கே கீறல், அங்கே ரிம் கோணல் என்று விரலை வைத்து வைத்துக் காட்டினார்கள். நல்ல வேளை, பையன் ஸ்டேட்டஸ் போடுவதற்காகப் பாண்டியில் தன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்திருந்தான். அதில் அதே கீறல் தெளிவாக இருந்தது. அவன் டெபாசிட் மட்டும் முழுசாக 3,000 வந்தது. வீடியோ இல்லாத மீதி மூன்று பேருக்கும் தலைக்கு 500தான் திரும்ப வந்தது. ஆக 7,500 போனது.

வேனுக்கென்று வாங்கிய 9,200-ஐயும் டெபாசிட் பாக்கியையும் கேட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வழக்குப் போடுவதென்றாலும் மாமல்லபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. புகார் எண்ணை அனுப்பிய மறுநாளே போன் வந்துவிட்டது. அடுத்த டூரில் தலைக்கு 1,000 தள்ளுபடி தருகிறார்களாம்!

நீங்கள் போவதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வியாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அன்றைக்கு அந்த வேன் எத்தனை குரூப்புக்கு? பதில் வரவில்லையென்றால் வேன் இல்லாத விலைக்கே போய், பம்பும் டியூபும் அடாப்டரும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த தையில் சொந்த சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போவதாக இருக்கிறோம், மாமல்லபுரத்திலிருந்து தெற்கே. 7,500 திரும்ப வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.