தருமபுரியில் இரவு நேர மீடியம் வேவ்: டெக்சன் பிஎல்-380 சில வருட அனுபவம்

மூன்று பென்சில் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. எஃப்எம், சிற்றலை எல்லாம் உண்டு. ஆனால் சில வருடங்களாக நான் இதைக் கையில் எடுப்பது மீடியம் வேவுக்காகத்தான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்தில் பெங்களூருவின் 612 கிலோஹெர்ட்ஸ் நிலையம் பகலிலேயே கிடைக்கும். வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உண்டு; இருட்டியதும் அவற்றில் அலைகளை உறிஞ்சும் கீழடுக்கான டி அடுக்கு மறைந்துவிடும். மேலடுக்கில் பட்டு அலைகள் திரும்ப, ஹைதராபாத்தின் 738, விஜயவாடாவின் 837 என்று தூரத்து நிலையங்கள் வரத் தொடங்கும்.

நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். பக்கத்து நிலையம் தொந்தரவு செய்தால் அலை அகலத்தை (ரேடியோ ஒரே நேரத்தில் உள்ளே விடும் அலைவரிசைகளின் அளவை) 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3 அல்லது 2 ஆகக் குறைத்தால் போதும், பேச்சு தனியாகக் கேட்கும். இந்த வசதிக்காகவே ரேடியோவை வாங்கலாம்.

ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் வந்தால் அகலத்தைக் குறைத்துப் பயனில்லை. 1485, 1584, 1602 மூன்றும் குறைந்த சக்தி நிலையங்களுக்கென்று, அமெரிக்கக் கண்டங்கள் தவிர்த்த நாடுகளில், ஒதுக்கியவை. இரவில் அங்கே ஒரே கூட்டம். சர்வதேச விதிப்படி ஒரு நிலையம் தன் அலைவரிசையிலிருந்து 10 ஹெர்ட்ஸ் வரை விலகலாம். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் விலகினால் வித்தியாசம் 20 ஹெர்ட்ஸ். அப்போது அடியில் ஒரு உறுமல் ஓடும். வித்தியாசம் 1 ஹெர்ட்ஸ்தான் என்றால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். அதைவிட மெதுவாக இருந்தால், திரையில் சிக்னல் எண் கூடிக் குறைவதையே பார்க்கலாம். பேட்டரி போய்விட்டதோ, ரேடியோ பழுதோ என்று பலர் நினைப்பது இதைத்தான்.

இதற்குக் கைகண்ட வழி, ரேடியோவையே மெல்லத் திருப்புவது. உள்ளே ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) கம்பியின் முனை எந்தத் திசையை நோக்குகிறதோ, அந்தத் திசை நிலையம் மங்கிவிடும். வேண்டாத நிலையத்தை நோக்கி முனையைக் காட்டுங்கள். பகலில் இது துல்லியமாக வேலை செய்யும். இரவில் அலை வானத்திலிருந்து இறங்குவதால் அவ்வளவு கூர்மை இருக்காது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு நிலையமும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பினால்? இரண்டின் அலைவரிசையையும் துல்லியமான ஜிபிஎஸ் கடிகாரத்தோடு பூட்டினால் உறுமல் போய்விடும். ஆனால் ஒன்றுக்கு நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாகப் போனால் கால் நொடி தாமதம் வரும், செய்தி வாசிப்பவர் எதிரொலியோடு பேசுவார். அந்தத் தாமதத்தையும் சமன் செய்வது ஒலிபரப்புபவர்களின் கடமை என்பது என் உறுதியான கருத்து. கேட்பவர் எவ்வளவு நல்ல ரேடியோ வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அப்புறம், வீட்டுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும் மீடியம் வேவை மூழ்கடித்துவிடும். கரண்ட் போன நேரத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.